சாலி முறையில் ஒரே கர்ப்பிணிக்கு மூன்று விதமான ஹீமோகுளோபின் அளவு: குடும்ப ஆய்வில் எதை எழுதுவது?

கரிசல்மகள்:

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாமாண்டு படிக்கிறேன். சமுதாய சுகாதார நர்சிங் பாடத்துக்காக நான்கு வாரமாகக் கிராமப் போஸ்டிங்கில் இருக்கிறோம். ஆளுக்கொரு குடும்பத்தை எடுத்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்து, பராமரிப்புத் திட்டம் எழுதி ரெக்கார்டில் சேர்க்க வேண்டும். எனக்குக் கிடைத்த குடும்பத்தில் 22 வயது அக்கா ஒருவர் இருக்கிறார். முதல் பிரசவம், இப்போது 27-வது வாரம். வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டுகிறார்.

அவருடைய தாய் சேய் நல அட்டையில் ஹீமோகுளோபின் 10.8 (100 மி.லி. இரத்தத்தில் இத்தனை கிராம்) என்று எழுதியிருக்கிறது. கல்லூரியில் கொடுத்த சாலி கருவியில் (நிறத்தை ஒப்பிட்டு ஹீமோகுளோபின் பார்க்கும் கருவி) நான் பார்த்தபோது முதல் நாள் 9.2 வந்தது. சந்தேகப்பட்டு மறுநாள் பார்த்தேன், 10.4. அதற்கும் மறுநாள் 8.6. மூன்றும் ஒரே வாரத்தில் எடுத்தவை. இதில் எதை எழுதுவது? நான் எழுதியிருந்த செவிலிய நோயறிதலையும் மேடம் சிவப்பு மையால் அடித்துவிட்டார். 'இரத்தசோகை' என்றுதான் எழுதியிருந்தேன், அதில் என்ன தவறு என்று புரியவில்லை. வெள்ளிக்கிழமை ரெக்கார்டு வைக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரைசேர்ந்தவன்:

தங்கை, இதற்குப் போய் ஏன் இவ்வளவு கவலை? அட்டையில் 10.8 இருக்கிறது அல்லவா, அதையே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் மூன்றையும் கூட்டிச் சராசரி போட்டுவிடுங்கள். செய்முறைத் தேர்வில் யாரும் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கப் போவதில்லை.

சோதனைக்குழாய்:

மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். மூன்று தவறான அளவுகளின் சராசரியைச் சரியான அளவு என்று நம்ப முடியாது. ஆய்வகத்தில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். சாலியில் இப்படித் தள்ளாடினால் காரணம் பெரும்பாலும் கையில்தான் இருக்கும், கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள். இரத்தத்தை அமிலத்தில் விட்ட பிறகு எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள்? எந்த வெளிச்சத்தில் நிறம் பார்த்தீர்கள்? விரலை அழுத்தினீர்களா? அட்டையில் உள்ள 10.8 எந்த வாரத்தில் எடுத்தது?

கரிசல்மகள்:

நன்றி அண்ணா. முதல் நாள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது, பதற்றத்தில் மூன்று நான்கு நிமிடத்திலேயே தண்ணீர் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். இரண்டாம் நாள் போகும்போதே இருட்டிவிட்டது. வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில், கண்ணாடிக் குச்சி உள்ளே இருக்கும்போதே அளவைப் பார்த்தேன். மூன்றாம் நாள் அக்கா தண்ணீரில் கைவேலை செய்துவிட்டு வந்தார். கை சில்லென்றிருந்தது, இரத்தம் வரவில்லை, விரலைப் பிழிந்துதான் எடுத்தேன். அட்டையில் உள்ளது 12-வது வாரத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்து ஆய்வகத்தில் எடுத்தது.

சோதனைக்குழாய்:

விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாலி முறையில் நாம் ஹீமோகுளோபினை நேராக அளப்பதில்லை. பத்தில் ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதை ஆசிட் ஹீமட்டினாக மாற்றுகிறது. அந்தப் பழுப்பு நிறம் கருவியில் உள்ள ஒப்பீட்டுக் கண்ணாடியின் நிறத்தோடு பொருந்தும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, டியூபில் மட்டம் நிற்கும் இடத்தைத்தான் அளவாகப் படிக்கிறோம். நிறம் முழுதாக ஏறப் பத்து நிமிடமாவது வேண்டும். நான்கு நிமிடத்தில் அது பாதி வழியில் நிற்கும். வெளிறிய நிறத்துக்குக் கொஞ்சம் தண்ணீரே போதுமாகிவிடும், அளவு குறைத்துக் காட்டும். முதல் நாள் 9.2 அப்படி வந்தது.

இரண்டாம் நாள் நடந்தது இதற்கு நேர்மாறு. குச்சி திரவத்துக்குள் இருந்தால் மட்டம் மேலே ஏறி நிற்கும். குச்சியைத் திரவத்துக்கு மேலே தூக்கி, ஒட்டியிருப்பதை உள்பக்கச் சுவரில் வடியவிட்டு, திரவ மட்டத்தின் கீழ்வளைவை வைத்துப் படிக்க வேண்டும். டியூப்லைட்டில் பழுப்பு நிறத்தைப் பிரித்தறிவதும் கடினம். இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு என்று தண்ணீர் அதிகமாகிவிடும். நிறம் பொருந்தும் இடத்தைத் தாண்டிவிட்டால் அளவு பொய்யாக உயரும். பகல் வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள், விரலைப் பிழிந்தால் இரத்தத்தோடு திசுநீரும் கலந்து வரும். நீர்த்த இரத்தத்தில் அளவு குறையாமல் என்ன செய்யும்? கையைக் கீழே தொங்கவிட்டு, வெதுவெதுப்பான துணியால் சூடாக்கி, ஸ்பிரிட் முழுதும் உலர்ந்த பிறகு குத்துங்கள். முதல் துளியைத் துடைத்துவிட்டு, தானாகத் திரளும் அடுத்த துளியை எடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிப்பெட்டில் (இரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் மெல்லிய குழாய்) எடுப்பது 20 மைக்ரோலிட்டர்தான். அதில் 2 மைக்ரோலிட்டர் குறைந்தாலே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. 10 கிராம் உள்ளவருக்கு 9 என்று காட்டும். ஒரு சிறு காற்றுக்குமிழ் போதும் அதற்கு. பிப்பெட்டின் வெளிப்புறத்தில் ஒட்டியதைத் துடைக்காவிட்டால் எதிர்ப்பக்கம் தவறும். டியூபின் ஒரு பக்கம் கிராம் கணக்கும் மறுபக்கம் சதவீதக் கணக்கும் இருக்கும், எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். ஒரு பெட்டியின் டியூபை இன்னொரு பெட்டியின் ஒப்பீட்டுக் கண்ணாடியோடு வைத்துப் பார்க்கவே கூடாது.

துணைநிலையம்:

கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். தம்பி சொன்ன ஆய்வக விஷயமெல்லாம் சரி. மகளே, உன்னிடம் எனக்கு வேறு இரண்டு வார்த்தை உண்டு.

மூன்று நாளில் மூன்று தடவை அந்தப் பெண்ணைக் குத்தியிருக்கிறாய். உனக்குச் சந்தேகம் வந்ததும் உங்கள் மேடத்திடமோ அந்த ஊர்ச் செவிலியரிடமோ சொல்லியிருக்க வேண்டும். அவள் முகம் சுளிக்காமல் விரலை நீட்டியிருப்பாள், எங்கள் பெண்கள் அப்படித்தான். அதனாலேயே நாம் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். இன்னொரு முறை எடுப்பதென்றால் ஏன் என்று அவளிடம் சொல்லி, சம்மதம் வாங்கி எடு.

இரண்டாவது, 12-வது வாரத்து அளவையும் 27-வது வாரத்து அளவையும் பக்கத்தில் வைத்து எது சரி என்று கேட்கிறாய். இரண்டும் சரியாக இருக்கலாமே! கர்ப்பத்தில் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் நடுமாதங்களில் ஹீமோகுளோபின் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். அதோடு குழந்தையும் இரும்புச்சத்தை இழுத்துக்கொள்கிறது. நம் திட்டங்களில் கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே என்றாலே இரத்தசோகை. 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை மிதமானது, 7-க்குக் கீழே கடுமையானது. ஆக அட்டையில் இருந்த 10.8-ம் லேசான இரத்தசோகைதான். இப்போது உண்மையான அளவு 10-க்குக் கீழே இருந்தால் அவள் மிதமான வகைக்கு வந்துவிட்டாள். ரெக்கார்டில் 10.8 என்று எழுதிவிட்டு நீ கல்லூரிக்குப் போய்விடுவாய். அந்தப் பெண் அப்படியே பிரசவத்துக்குப் போவாள். பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போனாலும் தாங்காத உடம்போடு வருபவர்களைப் பார்த்தவள் நான். அதனால் சொல்கிறேன், அளவை மாற்றி எழுதச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதே.

அவளிடம் ஒன்றைக் கேட்டுப் பார். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்காதே, எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். மாத்திரை அட்டையைக் காட்டச் சொல். எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணு. எப்போது, எதோடு சாப்பிடுகிறாள் என்று கேள்.

கரைசேர்ந்தவன்:

நான் தேர்வை மட்டும் நினைத்துச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து யோசிக்கவில்லை, மன்னிக்க வேண்டும்.

பாடமெடுப்பவள்:

நர்சிங் கல்லூரியில் பயிற்றுநராக இருக்கிறேன். உங்கள் மேடம் ஏன் அடித்தார் என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

'இரத்தசோகை' மருத்துவர் வைக்கும் பெயர். செவிலிய நோயறிதல், அந்த நிலையால் இந்தப் பெண்ணுக்கு என்ன நேர்கிறது, அதில் செவிலியர் எதை மாற்ற முடியும் என்பதைச் சொல்ல வேண்டும். பிரச்சினை, அதன் காரணம், அதற்குக் கண்ணால் கண்ட சான்று என மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும். உதாரணத்துக்கு: 'உடல் தேவைக்குக் குறைவான ஊட்டச்சத்து, இரும்புச்சத்துள்ள உணவும் மாத்திரையும் போதிய அளவு உடலில் சேராததால், ஹீமோகுளோபின் இவ்வளவு, இமையின் உட்புறம் வெளிறியிருத்தல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல் ஆகியவற்றால் தெரிகிறது.' இது மாதிரிதான், அப்படியே எடுத்து எழுதாதீர்கள். அந்த அக்கா வீட்டில் மாடிப்படியே இல்லாமல் இருக்கலாம். குடம் தூக்கி வரும்போது மூச்சு வாங்குகிறதா என்று நீங்கள் பார்த்து எழுதினால் அதுதான் சான்று.

இலக்கை எழுதும்போதும் 'இரத்தம் கூடும்' என்று எழுதாதீர்கள். சரியாக மாத்திரை எடுத்தால் ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏற வேண்டும், ஏறாவிட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அளந்து பார்க்கக்கூடிய இலக்கு இதுதான். மூன்று அளவுகளையும் மறைக்காமல் தேதியோடு எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் நேர்ந்த பிழையைப் பக்கத்திலேயே குறியுங்கள். நான் திருத்தினால் அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன், கூடுதலாகத்தான் போடுவேன். ரெக்கார்டில் பெயர், ஊர், அட்டை எண் எதுவும் வரக்கூடாது.

கரிசல்மகள் (வியாழக்கிழமை):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்றுக் காலை எங்கள் ஊர்ச் செவிலியர் அக்காவோடு போனேன். நடந்ததையெல்லாம் அந்தத் தீப்பெட்டி அக்காவிடம் சொல்லி, மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன். 'எடுத்துக்கோ தாயி, நீயும் படிக்கணும்ல' என்றார். கையைச் சூடாக்கி, ஒரே குத்து, தானாக வந்த துளி, பன்னிரண்டு நிமிடம், திண்ணையில் பகல் வெளிச்சம். 9.4 வந்தது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம், ஆய்வகத்தில் 9.6. என் கையால் வந்த எண்ணும் ஆய்வக எண்ணும் இவ்வளவு நெருங்கி வந்ததைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

துணைநிலையம் அம்மா சொன்னபடி மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னேன். இரும்புச்சத்து மாத்திரையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்திருக்கிறார். மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று பக்கத்து வீட்டில் வேறு சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்ட நாட்களிலும் காலை டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார்.

துணைநிலையம்:

கேட்டதற்கு நிறைவாக இருக்கிறது மகளே. உடம்பில் சேராத மீதி இரும்புதான் மலத்தைக் கறுப்பாக்குகிறது, பயப்பட ஒன்றுமில்லை. குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. இதை அவளிடம் மட்டும் சொன்னால் போதாது. மாமியார், கணவர், முடிந்தால் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவையும் உட்காரவைத்துச் சொல். டீயும் காபியும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கால்சியமும் போட்டி போடும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கொய்யாத் துண்டோடோ எலுமிச்சைச் சாறோடோ இரும்பு மாத்திரையைப் போட்டால் குமட்டலும் குறையும், சத்தும் நன்றாகச் சேரும். குடற்புழு மாத்திரை கொடுத்தாயிற்றா என்று அட்டையில் பார்.

முருங்கைக்கீரை, கம்பு, கருவாடு, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) எது அந்த வீட்டில் நடக்குமோ அதைச் சொல். தீப்பெட்டி ஒட்டி வரும் கூலியில் தினம் பேரீச்சம்பழமும் மாதுளையும் வாங்கச் சொல்லி எழுதிவிட்டு வராதே. அங்கன்வாடிச் சத்துமாவை அவள்தான் சாப்பிடுகிறாளா, வீட்டுப் பிள்ளைகளுக்குப் போகிறதா என்பதையும் விசாரி.

கரிசல்மகள்:

சத்துமாவு நாத்தனார் பிள்ளைகளுக்குத்தான் போகிறது அம்மா, இன்று விசாரித்துவிட்டேன். குடற்புழு மாத்திரை போன மாதமே கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் இனி தினம் இரண்டு இரும்பு மாத்திரை என்று எழுதியிருக்கிறார், ஒரு மாதம் கழித்து மறுபடி இரத்தப் பரிசோதனை. மாமியாரிடம் பேசிவிட்டேன். 'நான் என் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறேன்' என்றார்.

செவிலிய நோயறிதலில் இரண்டாவதாக 'மாத்திரை பற்றிய அறிவுக் குறைவு' என்பதைச் சேர்த்து, எண்ணிப் பார்த்த மாத்திரைக் கணக்கையே சான்றாக எழுதிவிட்டேன். நான்கு அளவுகளும் தேதியோடு இருக்கின்றன. போஸ்டிங் முடிந்தாலும் அடுத்த மாதப் பரிசோதனைக்கு அக்காவோடு போக மேடத்திடம் அனுமதி கேட்டிருக்கிறேன். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.