இங்கிலீஷ் தடுமாறுது, வெளிநாட்டு காலேஜ்ல டிசைன் எடுக்க முடியுமா?

கலர்பென்சில்:
வணக்கம். கோயம்புத்தூர் பக்கம் ஒரு டிசைன் காலேஜ்ல பர்ஸ்ட் இயருக்கு கலர் தியரி எடுக்குறேன், ஆறு வருஷம் ஆச்சு. தாய்லாந்துல ஒரு செமஸ்டர் வந்து எடுக்க முடியுமான்னு கேட்டிருக்காங்க, ஆசையா இருக்கு, ஆனா என் இங்கிலீஷ் தமிழோட கைய புடிச்சுட்டே நடக்குற இங்கிலீஷ், தனியா விட்டா நாலு வாக்கியத்துல மூச்சு வாங்கும். அங்க பசங்களுக்கும் இங்கிலீஷ் ரெண்டாவது மொழிதானாம். இப்படிப் போய் எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா?

மஞ்சப்பை:
அக்கா, கலர் எடுக்குறீங்க, கலர் பாடத்துக்கே பேர் போன ஜெர்மன் ஓவியர், வாத்தியார் ஜோசஃப் ஆல்பர்ஸ உங்களுக்கு நான் சொல்லணுமா. ஆனா அவரு அமெரிக்கா போன கதைய மட்டும் இன்னொரு தடவ யோசிங்க. 1933ல நாஜி நெருக்கடில, அவரு க்ளாஸ் எடுத்துட்டிருந்த பௌஹவுஸ்ங்குற ஜெர்மன் டிசைன் ஸ்கூல இழுத்து மூடியாச்சு, மனுஷனுக்கு வயசு 45, மனைவி ஆனி யூதக் குடும்பம், அந்த நேரம் பார்த்து வட கரோலினால அப்பதான் ஆரம்பிச்ச பிளாக் மவுண்டன் காலேஜ்லேர்ந்து கூப்பிடுறாங்க. இங்கிலீஷ் கிட்டத்தட்ட பூஜ்யம். என்ன சொல்லித்தரப் போறீங்கன்னு கேட்டதுக்கு கண்ணத் திறக்கணும்னு ஓட்ட இங்கிலீஷ்ல சொன்னாராம். அங்கயே 1949 வரைக்கும் இருந்துட்டு அடுத்த வருஷம் அமெரிக்காவுலயே யேல் யுனிவர்சிட்டிக்குப் போயிட்டாரு, அப்புறம் சிலி, பெரு, ஜெர்மனில உல்ம் டிசைன் ஸ்கூல்னு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் க்ளாஸ் எடுத்திருக்காரு.

எனக்குப் புடிச்சது அவரு பௌஹவுஸ்ல கொடுத்த பேப்பர் வேலைதான். ஆளுக்குக் கொஞ்சம் நியூஸ்பேப்பரக் கொடுத்து இதுல ஏதாவது பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. பசங்க கப்பல், கோட்டை, விமானம்னு பண்ணி வெச்சா அதெல்லாம் ஓரமா வெச்சுட்டு, பேப்பர நீளவாக்குல மடிச்சு சும்மா நிக்க வெச்ச ஒருத்தனோடத எடுத்துக் காட்டுனாராம். படுத்தே கிடக்குற பேப்பர் ஒரு மடிப்புல எந்திரிச்சு நிக்குது, அவ்ளோதான் பாடம். இதுக்கு எதுக்கு இலக்கணம்?

ஈரோட்டான்:
கதை நல்லாத்தான் இருக்கு, பாதிய விட்டுட்டீங்க தம்பி. ஆனிக்கு இங்கிலீஷ் தெரியும், ஆரம்பத்துல அவங்கதான் கூட இருந்து மொழிபெயர்த்தது. நானும் ரெண்டு வருஷம் வெளிநாட்டுல எடுத்தவன்தான், செஞ்சு காட்டுறதுல மொழி இடிக்கவே இடிக்காது, அடுத்த நாள் பசங்க வேலைய செவுத்துல மாட்டி ஒவ்வொண்ணா பேசுறோம் பாருங்க, அங்கதான் வாய் கட்டிப்போகும். தமிழ்ல "இது கொஞ்சம் இழுக்குது, அந்தப் பக்கம் விடு"ன்னு பட்டுனு சொல்லிடுவோம், இங்கிலீஷ்ல வார்த்தை கிடைக்காம வெறும் "நாட் குட்"ன்னு வந்து விழும், கேக்குற பையன் முகம் செத்துடும். ஆல்பர்ஸே அந்த விஷயத்துல ரொம்ப கறார், பின்னாடி பெரிய ஓவியரா ஆன அவரோட ஸ்டூடண்ட் ராஷன்பெர்க்கெல்லாம் அவருகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவருதான், பின்னாடி எனக்கு முக்கியமான வாத்தியார் அவருதான்னு சொன்னாரு, அது வேற. எல்லாப் பையனும் ராஷன்பெர்க் ஆகமாட்டான். அதனால மேடம், திருத்தம் சொல்ற ஒரு முப்பது வாக்கியத்த இப்பவே எழுதி வாய்ல பழக்குங்க, அந்த ஊர் சீனியர் ஸ்டூடண்ட் ஒருத்தர க்ளாஸுக்குத் துணைக்குக் கேளுங்க. மொத்த லெக்சரையும் மனப்பாடம் பண்ணாதீங்க, தூங்கிடுவாங்க.

மஞ்சப்பை:
ஆனி விஷயம் ஒத்துக்குறேன் அண்ணே. அக்கா, பெயிண்ட் வேணாம், கலர் பேப்பர் கொண்டு போங்க, அவரு வழக்கமும் அதுதான். ஒரே காவி கலர் பேப்பர ரெண்டு துண்டு வெட்டி ஒண்ண மஞ்சள் மேல, இன்னொண்ண கருநீலம் மேல வெச்சுட்டு வாயே தொறக்காம நில்லுங்க.

கலர்பென்சில்:
ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னைக்கு இங்கயே பேசாம ஒரு க்ளாஸ் எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் மேல இருந்த துண்டு டல்லடிக்குது, நீலத்து மேல பளிச்சுன்னு இருக்கு, ரெண்டும் ஒரே பேப்பர் இல்லன்னு பின் பெஞ்சுல சண்டையே வந்து ஒருத்தி எழுந்து வந்து பிச்சு எடுத்துப் பார்த்தா. இருபது நிமிஷம் நான் ஒரு வார்த்தை பேசல. கடைசில ஒருத்தன் வந்து மேம் தொண்டை கட்டிக்கிச்சா, சுக்குக் காப்பி வாங்கிட்டு வரவான்னு கேக்குறான்.

முப்பது வாக்கியத்துல பதினொண்ணு எழுதியிருக்கேன் ஈரோட்டான் சார், நாளைக்கு போடுறேன், திருத்திக் கொடுங்க.