தவழும் குழந்தை, ஓதச் சுவர், வீட்டுத் தூசி: எதற்குப் பயப்பட வேண்டும்?

நிலாவின் அம்மா (முடிச்சூர்):

வணக்கம். மகளுக்கு ஒன்பது மாதம். தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. பாப்பா வீடு முழுக்கத் தவழ்கிறாள், கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறாள். கொஞ்ச நாளாக விடியற்காலையில் மூக்கடைப்பும் இருமலும் இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "நெஞ்சில் சளி இல்லை, தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

தவழும் பிள்ளை மேல் தூசி படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? கட்டிலை விட்டு இறக்காதே என்கிறார் கணவர். மண்ணில் புரண்டால்தான் உடம்பு தேறும் என்கிறார் மாமியார். குளிப்பாட்டியதும் சாம்பிராணியும் போடுகிறார். நான் இரண்டு வேளையும் கிருமிநாசினி ஊற்றித் தரையைத் துடைக்கிறேன். ராத்திரி கொசுவர்த்தி. இன்னும் என்ன செய்ய வேண்டும்?

கஸ்தூரி அக்கா:

தங்கச்சி, நான் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்தவள். இளைப்போடு வரும் பிள்ளைகளுக்கு எத்தனையோ ராத்திரி நெபுலைசர் வைத்திருக்கிறேன். பாப்பாவைத் தரையிலேயே விடுங்கள். தவழ வேண்டிய வயது.

தவழும்போது தூசி கிளம்பும் என்பது உண்மைதான். பின்லாந்தில் வீடுகளிலிருந்து கம்பளங்களை வாங்கி வந்து, தவழும் குழந்தை மாதிரி செய்த ஒரு ரோபோவை அவற்றின் மேல் நகர்த்தி அளந்து பார்த்தார்கள். 2018இல் வந்த ஆய்வு அது. உடல் எடைக்குக் கணக்குப் பார்த்தால் பெரியவர்களைப் போல நான்கு மடங்கு தூசியைக் குழந்தை மூச்சில் இழுக்கிறது. நம் வீட்டு டைல்ஸ் தரையில் கம்பளம் அளவுக்குத் தூசி தங்காது.

அந்தத் தூசியில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு கிறிஸ்தவக் கூட்டங்கள் தனித்து வாழ்கின்றன. இண்டியானா மாநிலத்து ஆமிஷ் குழந்தைகளையும் தெற்கு டகோட்டாவின் ஹட்டரைட் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வந்தது. இரண்டு கூட்டமும் விவசாயம்தான், பூர்வீகமும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ்காரர்களுக்கு வீட்டை ஒட்டியே மாட்டுத்தொழுவம். ஹட்டரைட்டுகளுக்கு இயந்திரப் பண்ணை, அதுவும் வீட்டிலிருந்து தள்ளி. ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாவிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற பொருள் ஏழு மடங்கு அளவுக்கு அதிகம். ஆஸ்துமாவோ ஆமிஷ் பிள்ளைகளில் 5 சதவீதம் பேருக்கு, ஹட்டரைட் பிள்ளைகளில் 21 சதவீதம் பேருக்கு. மண், மாடு, வெளிக்காற்று வழியாக வரும் பலவகைக் கிருமிகளோடு சின்ன வயதிலேயே பழகுவது உடம்புக்கு நல்லது என்பதற்கு இது வலுவான சான்று. மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது, மதித்துக் கேளுங்கள்.

சாம்பிராணியை மட்டும் அன்போடு நிறுத்தச் சொல்லுங்கள். அது கரிப்புகை. தலையைத் துண்டால் துவட்டினால் போதும். கொசுவர்த்தியை இன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்கு நுண்துகள் வருகிறது என்று 2003இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். கைக்குழந்தை தூங்கும் அறையில் அதை வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. கொசுவலை கட்டுங்கள்.

விடியற்காலை மூக்கடைப்பு என்றதும் எனக்கு மெத்தை, தலையணை மேல்தான் சந்தேகம். கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று அங்கே பெருகும். அவற்றின் கழிவுதான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. காற்றில் உள்ள ஈரமே அவற்றுக்குத் தண்ணீர், சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. விரிப்பு, உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெத்தையை நல்ல வெயிலில் போட்டுத் தட்டுங்கள். பழைய இலவம்பஞ்சுத் தலையணை இருந்தால் அந்த அறையை விட்டு எடுத்துவிடுங்கள்.

கிருமிநாசினி தினமும் வேண்டாம். அதன் நெடியே மூக்கையும் தொண்டையையும் உறுத்தும். ஈரத்துணியால் ஒருவேளை துடைத்தால் போதும். துடைப்பத்தால் பெருக்கும்போது பாப்பா வேறு அறையில் இருக்கட்டும்.

சுவர் வேலை (மடிப்பாக்கம்):

அக்கா சொன்னதெல்லாம் சரி. சுவரைப் பற்றி நான் சொல்கிறேன்மா. பூஞ்சை மேல் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள், அடுத்த மழைக்கு அதே இடத்தில் வந்து நிற்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால் பைப் கசிவாக இருக்கலாம். இல்லையென்றால் தரையிலிருந்து ஏறுகிறது. படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள், பூச்சைக் கொத்திச் சரிசெய்வது அவர் வேலை. அதுவரை பீரோவை ஒரு சாண் தள்ளிப் போட்டு, பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூஞ்சையை உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது, வித்து காற்றில் பறக்கும். சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள், பாப்பா அந்தப் பக்கமே வேண்டாம்.

இன்னொன்று. வீடு பழசா? பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் ஜன்னல் கம்பியில் உரிந்து கொண்டிருந்தால், எழுந்து நிற்கப் பழகும் பிள்ளை அதைத்தான் கடிக்கும். அந்தத் தூசி மூளைக்குக் கெடுதல்.

நிலாவின் அம்மா:

ஜன்னல் கம்பியில் உரிகிறது அண்ணா, இன்றைக்கே பாயால் மறைத்துக் கட்டிவிடுகிறேன். சுவர் சரியாகும்வரை எல்லோரும் கூடத்தில் படுத்துக்கொள்கிறோம். அக்கா, காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரம் வாங்கலாமா?

கஸ்தூரி அக்கா:

கூடத்தில் படுப்பது நல்ல முடிவு. ஹெப்பா வடிகட்டி உள்ள இயந்திரம் காற்றில் மிதக்கும் தூசியைப் பிடிக்கும், ஈரச் சுவரையும் மெத்தையையும் அதால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பணத்தில் முதலில் கொசுவலையும் புதுத் தலையணையும் வாங்குங்கள்.

பாப்பா தூங்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணிப் பாருங்கள். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்கத் திணறினாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.