அவசரம்: அப்பாவின் பழைய பிஸ்டல், ரஸ்ட் புளூயிங் திட்டுத் திட்டாக வருகிறது

ராயபுரத்தான்:
வணக்கம். அப்பாவின் பழைய பிஸ்டலுக்கு வீட்டிலேயே ரஸ்ட் புளூயிங், அதாவது துருவை வரவழைத்துக் கறுப்பாக்கும் வேலை, செய்துகொண்டிருக்கிறேன். கரைசல் தடவி, துருவேற்றி, கொதிக்கவைத்து, தேய்ப்பது ஒரு சுற்று; அப்படி நான்கு சுற்று முடிந்துவிட்டது. பேரல் நன்றாகக் கறுத்துவிட்டது. கீழே இருக்கும் சிலிண்டரில் மட்டும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு இடம் வெள்ளி மாதிரி மின்னுகிறது, துருவே ஏற மாட்டேன் என்கிறது. டிரிகருக்கு மேலே ஓரிடம் செம்பு நிறம். கொதிக்கவைத்து எடுத்தால் வெள்ளையாக மாவு போல ஏதோ படிகிறது. இந்த மாதம் 28ஆம் தேதி அப்பாவுக்கு சதாபிஷேகம். அன்று அவர் கையில் கொடுக்க வேண்டும். என்ன தப்பு செய்கிறேன்? சீக்கிரம் சொல்லுங்கள்.

குறிபார்:
எந்த பிஸ்டல்? வெடிமருந்துத் துப்பாக்கியா, ஏர் பிஸ்டலா? முதல் வகை என்றால் லைசென்ஸ் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வேலையையும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிடம்தான் விட வேண்டும். ஏர் பிஸ்டல் என்றால், 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. இதைச் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

வண்ணை வேலன்:
என்ன கரைசல் தடவினீர்கள்? என்ன தண்ணீரில் கொதிக்கவைத்தீர்கள்? தேய்க்கும் ஸ்டீல் வூல் (இரும்புப் பஞ்சு) புதுசா? கழுவினீர்களா? இந்த நான்கும் தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பட்டறை அண்ணாச்சி:
தம்பி, இவ்வளவு கஷ்டம் எதற்கு? கழற்றி, சிவக்கச் சிவக்கச் சூடாக்கி, கழிவு எஞ்சின் ஆயிலில் முக்கி எடு. கன்னங்கரேல் என்று வரும். நாங்கள் ஸ்பேனர், வைஸ் எல்லாம் அப்படித்தான் கறுக்குவோம். அரை மணி நேர வேலை.

பழம்பொருள்:
இதே கேள்வி மாதம் ஒரு தடவை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. மாடல் பெயர் இல்லை, படம் இல்லை, கரைசல் பெயர் இல்லை. "மாவு போல ஏதோ" என்று எழுதினால் மருத்துவரிடம் போய் "எங்கேயோ வலிக்கிறது" என்று சொல்வதற்குச் சமம். அதோடு, இதில் கை வைக்கும் முன்பு பழைய பாலிஷைச் சுரண்டலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பல வருட நிறத்தை ஒரு தடவைதான் அழிக்க முடியும். இன்னும் முத்திரை எழுத்துகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ராயபுரத்தான்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஏர் பிஸ்டல்தான். இங்கிலாந்தில் செய்த வெப்ளி ஜூனியர், .177, அதாவது 4.5 மில்லிமீட்டர் துளை. பர்மிங்ஹாம் முத்திரை தெளிவாக இருக்கிறது. அப்பா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் இருந்தவர். கூட வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது கொடுத்துவிட்டுப் போனது. முப்பது வருடமாகப் பீரோ மேல் துணியில் சுற்றிக் கிடந்தது, முழுக்கத் துருவேறிவிட்டது. அதனால் பழைய நிறம் அழிந்தது என் கையால் அல்ல. கரைசல் நண்பர் ஒருவர் கலக்கிக் கொடுத்தது: நைட்ரிக் அமிலம், அதில் ஆணிகளைக் கரைத்து, கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்தாராம். தண்ணீர் கேன் தண்ணீர், சுத்தமானது. ஸ்டீல் வூல் பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்கியது. கொதிக்கவைப்பது இட்லிப் பானையில்.

வேதியியல் வாத்தியார்:
இப்போது பேசலாம். ரஸ்ட் புளூயிங் என்பது வேறொன்றுமில்லை, செந்துருவை வேண்டுமென்றே மெல்லியதாக வரவழைத்து, கொதிக்கும் நீரில் அதைக் கறுப்புத் துருவாக, அதாவது மேக்னடைட்டாக மாற்றுவது. ஒரு சுற்றில் வரும் படலம் மிக மெல்லியது. அதனால்தான் ஐந்து, ஆறு, சிலபோது எட்டுச் சுற்று. ஆனால் எண்ணெய் ஒரு விரல் ரேகை அளவு இருந்தாலும் அந்த இடத்தில் துரு ஏறாது.

மாவு: கேன் தண்ணீர் குடிக்கத்தான் சுத்தம். அதிலும் உப்புகள் இருக்கின்றன, கொதிக்கக் கொதிக்கப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், பெட்ரோல் பங்கில்கூடக் கிடைக்கும்.

செம்பு நிறம்: அதுதான் மயில்துத்தம். காப்பர் சல்பேட் கரைசல் இரும்பைத் தொட்டால் செம்பு படியும், பள்ளிக்கூடத்தில் ஆணியை வைத்துக் காட்டுவேனே, அதே வினைதான். கரைசலைத் தளும்பத் தளும்பத் தடவியிருப்பீர்கள், அல்லது ஒரே இடத்தில் இரண்டு தடவை இழுத்திருப்பீர்கள். பஞ்சை நனைத்து, பிழிந்து, ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற அளவில், ஒரே இழுப்பு. திரும்பத் தொடக்கூடாது.

இட்லிப் பானை அலுமினியமா? அதில் வாஷிங் சோடா போட்டுக் கழுவிவிடாதீர்கள், அது அலுமினியத்தை அரிக்கும். எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். எதுவானாலும் இனி சமையலுக்கு வேண்டாம். நைட்ரிக் அமிலப் பாட்டில் அடுப்பங்கரையில் இருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.

வண்ணை வேலன்:
வாத்தியார் சொன்னது சரி. ஆனால் வெள்ளித் திட்டுக்கு என் கேள்வி: சிலிண்டரைக் கழற்றினீர்களா, அப்படியே முழுசாகக் கொதிக்கவைத்தீர்களா? கொதிக்கும்போது தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்ததா?

ராயபுரத்தான்:
மிதந்தது. கழற்றவில்லை, திருகு இறுகிக்கிடந்தது. அது அழுக்கு என்று நினைத்தேன்.

வண்ணை வேலன்:
அழுக்கில்லை அண்ணே, முப்பது வருட கிரீஸ். சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் கிரீஸில் ஊறிக் கிடக்கின்றன. சூடு ஏற ஏற அது கரைந்து திருகுமரை வழியாகக் கசிந்து மேலே வரும். நீங்கள் வெளியே எடுக்கும்போது அந்தப் படலம் வழியாகத்தானே எடுக்கிறீர்கள்? ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டருக்கு நீங்களே எண்ணெய் பூசியிருக்கிறீர்கள். கழற்றாமல் தீராது.

கழற்றும்போது கவனம். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, முன்மூடியைத் திருகிவிட்டால் முகத்தில் பாயும். வைஸில் துணி சுற்றிப் பிடித்து, மூடியை ஒரு மரக்கட்டையால் அழுத்திக்கொண்டே கடைசி மரைகளைத் திருகுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். உள்ளே தோல் வாஷர் இருந்தால், கொதித்த தண்ணீரில் நான்கு முறை கிடந்த தோல் சுருங்கியிருக்கும், அதைப் புதிதாக வெட்ட வேண்டி வரும்.

ஸ்டீல் வூலும் அப்படியே உபயோகிக்கக்கூடாது. துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே எண்ணெய் காட்டி அனுப்புகிறார்கள். அசிட்டோனில் அலசி, காயவைத்து, அப்புறம்தான்.

பட்டறை அண்ணாச்சி:
எல்லாரும் தண்ணீரையே பேசுகிறீர்கள். சூடு பண்ணி ஆயிலில் முக்கினால் இந்தப் பாடே இல்லை என்று மறுபடியும் சொல்கிறேன்.

வேதியியல் வாத்தியார்:
அண்ணாச்சி, ஸ்பேனருக்குச் சரி. 300 டிகிரியைத் தொடும் முன்பே கடினப்படுத்திய எஃகு டெம்பரை, அதாவது கடினத்தை, இழக்கத் தொடங்கும், நீங்கள் சிவக்கச் சிவக்க என்கிறீர்கள். டிரிகர் பிடிக்கும் அந்தச் சின்னப் பல் மெத்தென்று ஆனால், பிஸ்டல் தானாக விடுபடும். ரஸ்ட் புளூயிங்கில் 100 டிகிரிக்கு மேல் போவதே இல்லை. இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் குழல்களை ஈயப் பற்றால் ஒட்டியிருப்பார்கள், 100 டிகிரியில் அது உருகாது, அதனால் அவற்றுக்கும் இந்த முறை பொருந்தும்.

பட்டறை அண்ணாச்சி:
டிரிகரை விட்டுவிட்டு பேரலை மட்டும் செய்யச் சொன்னேன். நாற்பது வருட லேத் அனுபவத்தைப் புத்தகத்தால் அளக்காதீர்கள்.

பழம்பொருள்:
நீங்கள் டிரிகரைப் பற்றி எங்கேயும் சொல்லவில்லை, மேலே போய்ப் படியுங்கள். ஒரு பேச்சுக்கு பேரலை மட்டும் என்றாலும், அந்த வெப்பத்தில் நீளமான குழல் வளைந்தால் யார் நிமிர்த்துவது? 1924இலிருந்து வந்த வெப்ளி காற்றுக் கைத்துப்பாக்கிகள் இந்த ஊரில் எத்தனை மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பரிசோதனை பண்ண வேறு இரும்பு எடுங்கள்.

எர்ணாவூர் கடலோரம்:
நான் வேறொன்று சொல்கிறேன். துரு ஏறவில்லை என்று ஏன் கவலைப்படுகிறீர்கள், நம் பக்கத்தில் இருந்துகொண்டு? மொட்டை மாடியில் கடலைப் பார்த்து ராத்திரி தொங்கவிடுங்கள். காலையில் தானாக ஏறியிருக்கும்.

காசிமேடு டீசல்:
தயவுசெய்து வேண்டாம். விசைப்படகு எஞ்சின் பார்ப்பவன் நான். உப்புக்காற்றில் ஏறும் துரு வேறு, இந்தத் துரு வேறு. உப்பு ஏறிய இரும்பு ஒரே சீராகச் சிவக்காது, புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். துறைமுகத்தில் ஆறு மாதம் சும்மா கிடந்த வின்ச் டிரம்மைத் தட்டினால் தகடு தகடாக உதிரும், உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். அந்தக் குழி விழுந்தால் எந்த புளூயிங்கும் மறைக்காது. குளியலறையில் வெந்நீர் வாளி வைத்து, கதவைச் சாத்தி, மூன்று நான்கு மணி நேரம் போதும். நம் ஊர் ஈரத்துக்கு ராத்திரி முழுக்க விட்டால் அதிகம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வியர்வையிலும் உப்புதான்.

எர்ணாவூர் கடலோரம்:
எங்கள் வீட்டு அரிவாள்மனை அப்படித்தான் கறுத்தது, இருபது வருடமாக நன்றாகத்தான் இருக்கிறது.

காசிமேடு டீசல்:
அரிவாள்மனை தினமும் மீன் வெட்டித் தேய்த்துக் கழுவப்படுகிறது. அதனால் நன்றாக இருக்கிறது.

குறிபார்:
மீனுக்குப் போய்விட்டோம். ராயபுரத்தான், கழற்றினீர்களா?

(ஆறு நாள் கழித்து)

ராயபுரத்தான்:
கழற்றிவிட்டேன். வேலன் சொன்னபடி மாமா பையன் கட்டையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே பனைவெல்லம் மாதிரி கிரீஸ், ஸ்பிரிங்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் அசிட்டோனில் ஊறவைத்து, செம்புக் கறையை நைசான எமரி பேப்பரால் தேய்த்து எடுத்து, துத்தம் இல்லாத கரைசலும் பேட்டரி தண்ணீருமாக முதலிலிருந்து ஆரம்பித்தேன். முதல் சுற்றில் சிலிண்டர் முழுக்கச் செம்மண் தூவினது போல ஒரே சீராகத் துரு வந்தது. கொதிநீரில் போட்டதும் ஐந்து நிமிடத்தில் கறுப்பு வெல்வெட் மாதிரி ஆனது. தேய்த்தால் அடியில் சாம்பல் நிறம். ஆறாவது சுற்றில் கருநீலம். கடைசியாக ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் ஒரு கொதி, சூடாக இருக்கும்போதே தையல் மிஷின் எண்ணெயில் ஒரு ராத்திரி. அப்பாவிடம் நேற்றே கொடுத்துவிட்டேன், 28 வரை பொறுக்க முடியவில்லை. வாங்கியதும் பேரலைத் திறந்து மூடிப் பார்த்தார், அந்த நண்பர் பெயரைச் சொன்னார். எல்லாருக்கும் நன்றி.

பழம்பொருள்:
படம் போடுங்கள். முத்திரைப் பக்கம் வெளிச்சத்தில்.

வண்ணை வேலன்:
ரொம்ப சந்தோஷம் அண்ணே. வாஷர் என்ன ஆயிற்று? தோல்தானா, எங்கே வெட்டினீர்கள்? என்னிடமும் ஒன்று கிடக்கிறது, அதற்குத் தடிப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

குறிபார்:
ராயபுரத்தான்?