லைவ் வகுப்பில் பாதியில் காணாமல் போகும் மாணவிக்கு வருகை போடலாமா?

புள்ளியியல்_டீச்சர்:
2020-ல் அவசரமாகத் தொடங்கிய ஆன்லைன் வகுப்பு எங்கள் துறையில் இன்னும் பாதி ஓடுகிறது. லைவ் வகுப்பில் முக்கால்வாசி நேரம் இருந்தால்தான் வருகை. ஒரு மாணவி தினமும் இருபதாவது நிமிடத்தில் மாயமாகிவிடுவாள். அலட்சியம் என்று நினைத்து, எல்லார் முன்னாலும் ஒருமுறை சுருக்கென்று சொல்லியும்விட்டேன்.

போன வாரம் அசைன்மென்ட் திருத்தினேன். புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் (R) என்ற கணினி மொழியில் நிரல் எழுதி ஓடவிட்டு அனுப்ப வேண்டும். அவளோ கோடு போட்ட தாளில் கையால் எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். அடைப்புக்குறிகள் மட்டும் சிவப்பு மையில், எனக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று. தாளின் மேல் ஃபோனின் நிழல். அனுப்பிய நேரம் இரவு 2:40. ஓடவிட்டுப் பார்க்க வழியே இல்லாமல் எழுதியதில் ஒரே ஒரு தவறுதான்.

தனியாகக் கேட்டேன். வீட்டில் இருப்பது ஒரே ஃபோன். தம்பியின் வகுப்பும் அதே நேரம். இப்போது வருகைக்கு நான் என்ன செய்ய?

சர்வர்_அறை:
மேடம், முதலில் கணக்கு. வீடியோ நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 450 எம்.பி. குரல் மட்டும் 32 கிலோபிட்டில் போனால் 14.4 எம்.பி. முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். குரல் பதிவையும் ஸ்லைடு பி.டி.எஃப்.பையும் போட்டுவிடுங்கள். பாடங்களை ஏற்றிவைக்கும் மூடுல் (Moodle) தளம் கல்லூரியில் இருந்தால் அதன் ஆப்பில் பாடத்தை இறக்கி வைத்து நெட் இல்லாமலும் படிக்கலாம். நிரலுக்கு கூகுள் கோலாப் (Colab), இணையத்திலேயே நிரல் எழுதி ஓடவிடும் தளம். ஆர் அதில் ஓடும், ஃபோன் பிரவுசரே போதும். ஆனால் கைவிரல் நோகும்.

பழைய_கடைசிபெஞ்ச்:
நோகும்தான். ஒரு அடைப்புக்குறிக்கு இரண்டு தடவை கீபோர்டை மாற்றணும். நானும் அப்படிப் படித்தவன். ஒரு வேண்டுகோள்: "உனக்கு என்ன பிரச்சினை" என்று லைவில் கேட்காதீர்கள். நான் எப்போதும் "நெட் ஸ்லோ மேடம்" என்றுதான் சொல்வேன். அது கௌரவமான பொய். ஃபோனே என்னுடையது இல்லை என்று அறுபது பேர் முன்னால் யார் சொல்வார்கள்?

நேர்கோடு:
சரி, பாவம்தான். ஆனால் ஒருத்திக்கு விதியைத் தளர்த்தினால் நல்ல நெட் இருக்கிறவனும் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான்.

புள்ளியியல்_டீச்சர்:
அவன் இப்போதும் தூங்கத்தான் செய்கிறான், லாகின் செய்துவிட்டு. அவனுக்கு முழு வருகை! நம் விதி அளப்பது கவனத்தை இல்லை, இணைப்பை. அதனால் ஒருத்திக்கு மட்டும் என்று வேண்டாம், எல்லாருக்கும் மாற்றப்போகிறேன். அன்றைய பாடத்தில் மூன்று சின்னக் கேள்விகள், 24 மணி நேரம் திறந்திருக்கும், பதில் அனுப்பினால் வருகை. பார்த்து எழுதுவார்கள், தெரியும். வகுப்பறையில் எழுதாததா?

இன்னொரு கூத்து. "இணைய வசதி உண்டா?" என்று துறை ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஆன்லைன் படிவத்தில்! எல்லாரும் "ஆம்". அவளும்தான். 2021-ல் உலகில் 290 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருப்பதாக ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கையில் இவள் வரமாட்டாள். இவளுக்குத்தான் இணையம் "இருக்கிறதே", இரவு பத்துக்கு மேல்.

பழைய_கடைசிபெஞ்ச்:
படிவத்தில் "ஃபோன் யாருடையது, எத்தனை மணிக்குக் கைக்கு வரும்" என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

புள்ளியியல்_டீச்சர்:
குறித்துக்கொண்டேன். அப்புறம், நேற்று அவள் நிரலை நானே தட்டி ஓடவிட்டேன். ஓடுகிறது. நான் தவறு என்று சுழித்த இடத்தில் காற்புள்ளி இருந்திருக்கிறது, ஃபோன் நிழலுக்குள். மதிப்பெண்ணைத் திருத்தி, அவளிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. துறைத்தலைவருக்குத்தான் இன்னும் மெயில் போடவில்லை.