கைவிடப்பட்ட ரயில் பாதைகளும் திரும்பி வந்த வண்டிகளும்: நேரில் கண்டவை

மூடப்பட்ட ரயில் பாதைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிலையக் கட்டடத்தையும் பாலத்தையும் தேடிப் போகிறார்கள். படம் எடுக்க அவைதாம் வாய்ப்பானவை. தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடக்கிலும் இத்தகைய பாதைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த எனக்கு இரண்டு கருத்துகள் உறுதிப்பட்டிருக்கின்றன. ஒரு பாதைக்கு மறுவாழ்வு உண்டா என்பதைத் தீர்மானிப்பது இரண்டு நிலையங்களுக்கு இடையே நீளும் அந்த ஒடுங்கிய மண்மேடு இன்னும் ரயில்வேயின் கையில் அறுபடாமல் இருக்கிறதா என்பதுதான். அடுத்தது சற்று வேதனையானது: பழைய கட்டுமானங்கள் கைவிடப்பட்டுக் கிடக்கும் காலத்தில் எப்படியோ தாக்குப்பிடித்துவிடுகின்றன, வண்டி திரும்பி வரும் காலத்தில்தான் ஒரேயடியாக மறைந்துபோகின்றன.

தனுஷ்கோடியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் வீசிய புயல் ஊரையும், நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் வண்டியையும் கடலோடு கொண்டுபோனது. அதே புயல் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்புக் கர்டர்களையும் கடலில் தள்ளியது. ஆனால் ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர் குழு, விழுந்த கர்டர்களைக் கடலடியிலிருந்து மீட்டு, 46 நாட்களில் பாலத்தில் மீண்டும் வண்டியை ஓடவைத்தது. ஒரே இரவில் சிதைந்த இரண்டு கட்டுமானங்களில், கடல் நடுவே நின்ற பாலம் ஒன்றரை மாதத்தில் உயிர்பெற்றது. கரையில் இருந்த நிலையமோ அறுபது ஆண்டுகளாக எழவில்லை. பாலத்துக்கு அப்பால் இராமேசுவரம் என்ற ஊர் இருந்தது. தனுஷ்கோடி நிலையத்துக்குப் பிறகு ஊரும் இல்லை, இலங்கைக்குப் போகும் கப்பலும் இல்லை என்பதே காரணம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்றப் பாதைகளின் கதையும் எளிதாக விளங்கும்.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு அங்கே போய் நின்றபோது, நிலையத்தின் எஞ்சிய வளைவுச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தேன். காற்று அரித்த சாந்து தூளாக விரலில் ஒட்டியது. செங்கல்லின் முகம் உள்வாங்கி, இடையிலுள்ள பூச்சு மட்டும் விளிம்புபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உப்புக்காற்று செய்யும் வேலை இது. சாலை வந்த பிறகு வருகிறவர்களின் கைகளும் கால்களும் அதற்குத் துணைசெய்கின்றன. 2019 மார்ச்சில் இராமேசுவரம்–தனுஷ்கோடி பாதையை மீண்டும் அமைப்பதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நெஞ்சறிய நான் விரும்பும் பாதை அது. ஆயினும் இடம்பெயரும் மணல்திட்டின் மீது, மக்கள் குடியிருக்காத ஓர் இடத்துக்குப் பாதை போடுவதைவிட, அந்தச் சுவர்களைத் தாங்கிப் பிடித்துப் பாதுகாப்பதே முதல் வேலை என்று கருதுகிறேன். பாதைக்காகக் காத்திருக்கும் உயிருள்ள ஊர்கள் வேறு பல இருக்கின்றன.

அத்தகைய ஊர்களுக்கு வண்டி திரும்பியதை நான் முழுமையாகக் கண்டது மதுரை–போடிநாயக்கனூர் பாதையில். அந்தப் பாதை இரண்டு முறை செத்து, இரண்டு முறை பிழைத்தது. 1928-இல் திறக்கப்பட்ட அதன் தண்டவாளங்கள் இரண்டாம் உலகப்போரின்போது இரும்புத் தேவைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. விடுதலைக்குப் பிறகு 1950-களில் மீண்டும் போடப்பட்டன. 2010-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு, ஒரு மீட்டர் அகலத் தடத்தில் ஓடிய மீட்டர்கேஜ் வண்டி நின்றது. தடத்தை அகலப்படுத்தும் அகலப்பாதைப் பணி நடக்கும், சில ஆண்டுகளில் வண்டி வந்துவிடும் என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். தேனிக்கு வண்டி வர 2022 மே வரையும், போடிக்கு வர 2023 ஜூன் வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு குழந்தை பிறந்து ஏழாம் வகுப்பு படிக்கும் காலம் அது.

அந்த இடைக்காலத்தில் ஆண்டிபட்டிப் பக்கம் பாதையோரமாக நடந்திருக்கிறேன். தண்டவாளமும் அதைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டையும் போன பிறகு எஞ்சுவது ஜல்லி. ஜல்லியையும் அள்ளிய பிறகு எஞ்சுவது மண்மேடு. சீமைக்கருவேலம் இரு பக்கமும் நெருங்கி வந்து, நடுவில் ஆடு மேய்ப்பவர்கள் போகும் ஒற்றையடித் தடம் மட்டும் தெரிந்தது. ஆனால் எல்லையில் ஊன்றியிருந்த பழைய தண்டவாளத் துண்டுகள், துருப்பிடித்தாலும், ஊன்றிய இடத்திலேயே நின்றன. அவை நின்ற வரிசையைப் பார்த்தபோதுதான் இந்தப் பாதை எப்படியும் திரும்பும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. கேங்மேனாக, அதாவது தண்டவாளப் பராமரிப்பு ஊழியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், வீட்டிலிருந்து கிளம்பி அந்த மேட்டின் மீது தினமும் நடந்துவருவதை வழக்கமாக வைத்திருந்தார். "வேலையில்லாட்டியும் லைன்ல நடந்தாத்தான் தம்பி கால் கேக்குது" என்றார். யார் எந்த இடத்தில் வேலி போட முயன்றார், எங்கே மண் வெட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. ஒரு மூடிய பாதைக்கு இதைவிடச் சிறந்த காவல் வேறொன்றும் இல்லை.

வண்டி வந்தது பெருமகிழ்ச்சி. அதில் எனக்குச் சிறிதும் குறை இல்லை. ஆனால் வண்டியோடு என்ன போயிற்று என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மீட்டர்கேஜ் நிலையங்களின் நடைமேடை தாழ்வானது. பல சிறு நிலையங்களில் அது தரையோடு தரையாகவே இருந்தது. அகலப்பாதையின் உயர்ந்த நடைமேடை தண்டவாளத்திலிருந்து 840 மில்லிமீட்டர் வரை எழும்புகிறது. பழைய நிலையக் கட்டடத்தின் வாசற்படிக்கு முன்னால் அந்த மேடையை எழுப்பினால், கதவின் கீழ்ப்பகுதி புதைந்துவிடும். சீட்டுக் கொடுக்கும் சன்னல் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். மழைநீர் உள்ளே பாயும். ஆகவே கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது பொறியாளருக்கு மிக எளிய வழியாகிவிடுகிறது. ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் பழைய கட்டடத்தைச் சற்று விலகி நிற்கவிட்டு, புதிய மேடையை ஐம்பது அறுபது மீட்டர் தள்ளித் தொடங்கலாம் என்று திட்ட வரைபடம் போடும் நாளில் எடுத்துச்சொல்ல ஆள் இருப்பதில்லை. கைகாட்டி மரங்கள், அவற்றை இயக்கிய நெம்புகோல் சட்டகங்கள், ஒற்றைத் தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கு மட்டும் வழிவிட்ட டோக்கன் கருவிகள், நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிய இரும்புத் தூண்கள் ஆகியவை பழைய இரும்பு ஏலத்தில் எடைக்குப் போய்விடுகின்றன.

செங்கோட்டை–புனலூர் பாதையில் இதற்கு மாறான ஒன்றைப் பார்த்தேன். 1904-இல் மலையைக் குடைந்து அமைத்த அந்தப் பாதையில், கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று வளைவுகள் கொண்ட கருங்கல் பாலம் இருக்கிறது. 2010-இல் மீட்டர்கேஜ் வண்டி நின்றபோது, அகலப்பாதையின் எடையை இந்தப் பாலம் தாங்காது, பக்கத்தில் புதிதாகக் கட்டிவிட்டு இதை விட்டுவிடுவார்கள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். ஆனால் தூண்களைக் கான்கிரீட்டால் வலுப்படுத்தி, அதே பாலத்தின் மீதே பாதையைப் போட்டார்கள். 2018 ஜூனில் அது திறக்கப்பட்டது. கல்லின் பழைய முகம் பல இடங்களில் கான்கிரீட்டுக்குள் மறைந்துவிட்டது என்று வருந்தும் நண்பர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் குறைவு. மேலே வண்டி போகும் பாலத்தை ஆய்வு செய்வார்கள், அரசமரக் கன்று முளைத்தால் பிடுங்குவார்கள், விரிசலை அடைப்பார்கள். வண்டி போகாத பாலத்தை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. பழைய சுண்ணாம்புக் கட்டுமானங்களுக்கு எமனாக வருவது பெரும்பாலும் ஆலும் அரசும்தான். வேர் மூட்டுகளுக்குள் இறங்கிய பிறகு மரத்தை வெட்டினாலும் வேர் தன் பிடியை விடுவதில்லை.

பாம்பனில் இப்போது நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் வண்டி நின்றது. பக்கத்திலேயே கட்டப்பட்ட செங்குத்துத் தூக்குப்பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. பழையதை அகற்றத்தான் போகிறார்கள். துருவேறிய பாலத்தை முழுமையாகக் கடலில் விட்டுவைக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் கையால் பற்சக்கரத்தைச் சுழற்றி, இரு புறமும் ஆட்கள் நின்று திறந்த அந்தத் தூக்குப் பகுதியையாவது கரையில் நிறுத்தி, அது இயங்கிய விதத்தைக் காட்ட வேண்டும். கழற்றும் ஒப்பந்தத்திலேயே இது எழுதப்பட வேண்டும். கழற்றிய பிறகு கேட்டால் இரும்பு இருக்காது.

இலங்கையின் வடக்குப் பாதையை இங்கே சேர்ப்பது பொருத்தமே. 1990 ஜூனில் கொழும்பு–யாழ்ப்பாண வண்டியான யாழ்தேவி நின்ற பிறகு, போர்க்காலத்தில் தண்டவாளங்களும் ஸ்லீப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின; யாழ்ப்பாண நிலையம் குண்டுத் துளைகளோடு கூரையிழந்து நின்றது. போருக்குப் பிறகு இந்தியாவின் இர்கான் நிறுவனம் பாதையை அமைக்க, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும், அதே ஆண்டு மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறைக்கும் வண்டி திரும்பியது. யாழ்ப்பாணத்துக்கு வடக்கே போன வண்டியில் என் எதிரே இருந்த ஐயா ஒருவர், சன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "அப்ப இது எங்களுக்குச் சைக்கிள் றோட்டு, தம்பி" என்றார். கால் நூற்றாண்டு காலம் தண்டவாளமே இல்லாத நிலையிலும், அந்த மேட்டை மக்கள் வழியாகப் பயன்படுத்தினார்கள். வழியாக இருந்ததால் அதன் பெரும்பகுதியில் வீடு எழவில்லை. இந்தச் செய்தி எனக்கு மிகப் பெரியதாகப் பட்டது. பாதையை முள்ளுக்கு விடுவதைவிட, சட்டப்படி ரயில்வேயின் பெயரிலேயே வைத்துக்கொண்டு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் அனுமதிப்பது அதைக் காப்பாற்றும் நல்ல வழியாகும். மக்கள் நடமாடும் இடத்தில் ஒருவர் தனியாக வேலி போட்டால் ஊரே கேட்கும்.

மேடு அறுபட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு மொரப்பூர்–தருமபுரி எடுத்துக்காட்டு. 1906-இல் ஓடத் தொடங்கிய அந்தக் குறும்பாதை (நேரோகேஜ்) இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. அதை மீட்க 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். தருமபுரி நகரை ஒட்டிய பழைய தடத்தில் கட்டடங்கள் எழுந்துவிட்டதால், புதிய நிலத்தைத் தேடிக் கையகப்படுத்துவதிலேயே ஆண்டுகள் கழிந்தன. மறுபுறம், நீடாமங்கலம்–மன்னார்குடிப் பாதையில் 1970-களில் தண்டவாளத்தைப் பெயர்த்தும் தடம் காலியாகவே கிடந்ததால், 2011-இல் மன்னார்குடிக்கு மீண்டும் வண்டி வந்தது.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதை 1926-இல் தொடங்கி, 1986-இல் நின்றுபோனது. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று அதன் வழியில் இருப்பவை இன்றும் மக்கள் நெருங்கி வாழும் ஊர்கள். திருக்கடையூருக்கு ஆண்டு முழுவதும் அறுபதாம், எண்பதாம் திருமணங்களுக்காகக் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை இருக்கிறது. சற்றுத் தெற்கே, இதே காலத்தில் மூடப்பட்ட பேரளம்–காரைக்கால் பாதையில் அகலப்பாதை போட்டு முடித்துவிட்டார்கள். தடம் இருந்தால் செய்ய முடியும் என்பதற்கு அண்டை வீட்டுச் சான்று அது.

அந்தத் தடத்தைத் தொட்டுப் பார்க்கக்கூடிய இடங்களில் நடந்திருக்கிறேன். காவிரிப் படுகை என்பதால் வாய்க்கால்கள் அதிகம். வாய்க்காலுக்கு ஒரு மதகு என்று செங்கல் வளைவுகள் வயல் நடுவே நிற்கின்றன. சிலவற்றின் மீது இப்போது டிராக்டர் போகிறது. சில இடங்களில் மேட்டை வெட்டி மண்ணை எடுத்துவிட்டதால், இரு புறமும் ஏறுவழி இல்லாமல் மதகு மட்டும் தனித்து நிற்கிறது. சாலைச் சந்திப்புகளை ஒட்டி வீடுகளும் கடைகளும் வந்திருக்கின்றன. அங்கே வாழ்பவர்களுக்கு மாற்றிடம் கொடுக்காமல் பாதையைப் பற்றிப் பேசுவது அறமாகாது. ஆனால் ஊர்களுக்கு இடைப்பட்ட வயல்வெளிப் பகுதியில் தடத்தின் கணிசமான பகுதி இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. மண் எடுப்பது இதே வேகத்தில் நடந்தால், அதுவும் வயல் மட்டத்துக்கு இறங்கிவிடும்.

ஆகவே இந்தப் பாதையை அறிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் எல்லைக்குள் நிற்கும் மதகு, நிலையச் சுவர், எல்லைக்கல், ஊழியர் குடியிருப்பு எதுவாயினும், கிராமத்தின் பெயரோடும், தெரிந்தால் புல எண்ணோடும் படம் எடுத்து இங்கே இடுங்கள். அருகே பழைய ஊழியர்கள் யாரேனும் இருந்தால், பாதை எங்கே வளைந்தது, நடைமேடை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் அந்த நிலம் இன்றைக்கு எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பார்க்க முடிந்தவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் மன்னம்பந்தல் பக்கமிருந்து எடுத்த படங்களை அடுத்த பதிவில் வரிசையாகத் தருகிறேன். ஆக்கூருக்குக் கிழக்கே என்னிடம் மிகக் குறைவாகவே இருக்கிறது.