ரீல்ஸ் காலத்தில் இணைய ஃபேஷன் இதழால் என்ன பயன்? தொழிலில் இருப்பவர்களின் பகிர்வு

இழையைத் தொடங்கியவர்

டிசைன், படப்பிடிப்பு, எழுத்து, விற்பனை என்று ஃபேஷன் தொழிலில் இருக்கிறவர்களுக்காக இந்த இழை. எல்லாம் இன்ஸ்டாகிராமிலேயே கிடைக்கிறதே, இணைய இதழ் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். பொத்தாம்பொதுவாக வேண்டாம். உங்கள் வேலையில் அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று விவரமாக எழுதுங்கள்.

டிசைனர்

பழைய வேலையைத் தேடி எடுக்க இதழை விட்டால் வழியே இல்லை. 2000-இல் வந்த ஸ்டைல்.காம் என்ற ஃபேஷன் தளம் செய்த பெரிய காரியம், ஷோக்களை முதல் உடையிலிருந்து கடைசி உடை வரை எண் போட்டு அடுக்கி வைத்ததுதான். 2015-இல் அந்தத் தொகுப்பு வோக் இதழின் தளத்தில் வோக் ரன்வே ஆனது. காலர் வெட்டைப் பற்றி பேட்டர்ன் மாஸ்டரிடம் பேசும்போது ஆண்டு, பருவம், 27-ஆவது லுக் (ஷோவில் வந்த 27-ஆவது உடை) என்று சொன்னால் போதும், இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்ப்போம்.

அதே படம் சமூக ஊடகத்தில் சுற்றும்போது ஆண்டும் இருக்காது, டிசைனர் பெயரும் இருக்காது. பல நேரம் இடம் வலமாகத் திரும்பியே வரும். திரும்பிய படத்தை நம்பி பேட்டர்ன் போட்டால் பட்டன் பட்டி எந்தப் பக்கம் மேலே ஏறுகிறது என்பதே மாறிப்போகும். துணி வெட்டிய பிறகு தெரிந்தால் அந்த முன்பக்கம் இரண்டும் வீண்.

இதழும் சாசுவதம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டைல்.காம் என்ற முகவரி 2016-இல் கடையாக மாறியது, 2017-இல் அந்தக் கடையும் மூடியது. இளையோருக்கான டீன் வோக் இதழ் 2017-இல் அச்சை நிறுத்தி இணையத்தில் மட்டும் வந்தது, 2025-இல் அதையும் வோக் தளத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். அதனால் வேண்டிய பக்கத்தைப் பார்த்த அன்றே இணையப் பக்கங்களின் பழைய நகல்களைக் காக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமியுங்கள், ஒரு பிடிஎஃப் நகலும் எடுத்துவையுங்கள். கோப்புக்கு ஆண்டு, பருவம், டிசைனர், லுக் எண் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் ஆறு மாதத்தில் யாருக்கும் அடையாளம் தெரியாது.

துணை ஆசிரியர், இணைய இதழ்

30 விநாடி ரீலில் காஞ்சிப் பட்டு கண்ணைப் பறிக்கும். அது கோர்வையா (கரையைத் தனியாக நெய்து உடலோடு கோத்ததா), சாதாரண கரையா என்று அதில் தெரியாது. எட்டாயிரத்துக்கும் எண்பதாயிரத்துக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று வாங்குகிறவர் கேட்கும் கேள்விக்கு இடம் இருப்பது இதழில்தான். இன்ஸ்டாகிராம் குறிப்புக்கு 2,200 எழுத்துகள்தான் எல்லை, அதிலும் முதல் இரண்டு வரிக்கு மேல் விரித்துப் படிக்கிறவர்கள் கொஞ்சம்.

பட்டுச் சேலையைப் பற்றிய கட்டுரை வெளியாகும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் சேலையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா (ஊடை, அதாவது குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் தறிக்கருவி), கரைகளுக்கு ஒவ்வொன்று என மூன்று நாடா ஓடும். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். அந்த இணைப்பு பின்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும், கரையின் நிறம் உடலுக்குள் கசியாது. கரையில் உடல் நிற ஊடை கலந்து தெரிந்தால் அது கோர்வை இல்லை, தலைப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். முந்திக்குத் தனிப் பாவு (நெடுக்கு நூல்) போட்டு உடலோடு இணைக்கும் பேட்னி முறையில் சேர்த்திருந்தால் உடல் பாவும் முந்திப் பாவும் சேரும் இடத்தில் இரண்டு நிறமும் கலந்த ஒரு பட்டை குறுக்கே ஓடும். தெரியாதவர்கள் அதைப் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். இதற்காகவே அந்த இடத்தை நெருக்கத்தில் எடுத்த ஒரு படம் கட்டுரையில் இருக்க வேண்டும்.

அடுத்தது முத்திரைகள். சில்க் மார்க் 2004-இல் வந்தது, நூல் சுத்தப் பட்டு என்பதற்கு மட்டும் அது சான்று. கைத்தறி என்பதற்கு 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் தனி. ஜரிகைக்கு இரண்டுமே பொறுப்பல்ல. ஒன்றைக் காட்டி மற்றதைச் சொல்லும் விளம்பரக் குறிப்பை அப்படியே நகலெடுத்துப் போடுவதுதான் இதழ்களில் அடிக்கடி நடக்கிற தவறு. ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கிறதா என்று பார்ப்பது பழைய முறை, நல்ல முதல் சோதனைதான். ஆனால் எந்த நூலுக்கும் சிவப்புச் சாயம் ஏற்றலாம். வெள்ளி, தங்க விகிதத்தை எழுதுவதாக இருந்தால் எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிரால் உலோக விகிதத்தை அளக்கும்) பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டு இல்லையென்றால் விகிதத்தை எழுதாதீர்கள்.

படத்தின் கீழே நெசவாளர், ஊர், நெசவு முறை, புகைப்படக்காரர், ஸ்டைலிஸ்ட், ஒப்பனை என எல்லா விவரமும் வர வேண்டும். நெசவாளரிடம் கேட்டுவிட்டுப் பெயரைப் போடுங்கள், ஆனால் கேட்காமலே விட்டுவிடாதீர்கள். இது மரியாதை சம்பந்தப்பட்டது, இடம் போதவில்லை என்று சொல்ல நியாயமில்லை.

புகைப்படக்காரர்

துணை ஆசிரியர் அக்கா சொன்னதோடு நிறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மயில் கழுத்து மாதிரி பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக இருக்கிற பட்டுத் துணியை ஃபோனில் ஆட்டோ வெள்ளைச் சமநிலையில் எடுத்தால் ஒரு ஃபிரேமில் நீலம், அடுத்ததில் பச்சை. சேலை திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியது: வெளிச்சம் மாறும் ஒவ்வொரு தடவையும் முதல் ஃபிரேமில் கலர் செக்கர் அட்டையை (நிறத்தைச் சரிபார்க்க உதவும் வண்ணக் கட்ட அட்டை) பிடித்து எடுங்கள். வெள்ளைச் சமநிலையைக் கையால் 5,500 கெல்வின் பக்கம் பூட்டுங்கள். ஜன்னல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பைக் கலக்காதீர்கள். ஒரே மடிப்பை நேராக ஒன்று, 45 டிகிரி சாய்த்து ஒன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இரட்டை நிறம் அப்போதுதான் புரியும். ரீலில் பார்க்கும்போது இந்த ஒப்பீடு கிடைக்காது.

அரக்கு நிறம் இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிற வரம்பில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், புட்டா எனும் சிறு பூ வேலையின் விளிம்பே மறைந்து ஒரே சிவப்புத் தட்டாகிவிடும். சிவப்பின் செறிவைக் கொஞ்சம் குறைத்து ஹிஸ்டோகிராம் எனும் ஒளி அளவு வரைபடத்தில் சிவப்பு வலது ஓரத்தில் முட்டாமல் பாருங்கள். அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி நிற வரம்பில் இருக்கும் கோப்பை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றாமல் ஏற்றினால் நிறம் வெளுத்துத் தெரியலாம். பொடிக்கட்டம் போட்ட செட்டிநாட்டுப் பருத்தியில் வேறு தொல்லை, மோயர் அலை, அதாவது துணியில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் தெரிவது. அரை அடி முன்னே பின்னே நகர்ந்தாலே பெரும்பாலும் போய்விடும். படத்தைச் சிறிதாக்கும்போது மறுபடி முளைக்கும், ஆகவே இறுதி அளவில் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஸ்டைலிஸ்ட்

இதழுக்காக இரவல் வாங்கும் சேலைக்கு டெலிவரி சலான், திருப்பும் தேதி, வாங்கும்போது எடுத்த படம் மூன்றும் கட்டாயம். பட்டில் சேஃப்டி பின் வேண்டாம், ஜரிகை இழை பிய்ந்து வரும். முதுகுப் பக்கம் கிளிப் போடுங்கள். ஸ்டீமர் சூடேறும் முன் துப்பும் தண்ணீர்தான் பட்டில் வட்டக் கறை போடும். முதல் ஒரு நிமிட ஆவியைத் தரையைப் பார்த்து விட்டுவிட்டு, மஸ்லின் துணி போட்டுப் பின்பக்கத்தில் பிடியுங்கள்.

கைத்தறிக் கடை நடத்துபவர்

ரீல் போட்ட அன்று கேள்வி குவியும், பெரும்பாலும் விலை மட்டும்தான். இதழ் கட்டுரை வழியாக வருகிறவர் நெசவு முறையைப் பெயர் சொல்லிக் கேட்கிறார், அதுவும் மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கிறார். இதைக் கண்ணால் பார்க்க ஒவ்வோர் இடத்துக்கும் தனி யுடிஎம் இணைப்பு (எங்கிருந்து வந்தார் என்று காட்டும் குறி சேர்த்த இணைப்பு) கொடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே இணைப்பு கொடுத்தால் எது விற்றது என்று ஒருநாளும் தெரியாது.

இதழுக்கு எழுதும்போது ஒரே மின்னஞ்சலில் ஐந்து வரி விவரம், வெள்ளைப் பின்னணியில் மூன்று படம், முந்தி, கரை, பின்பக்கம் நெருக்கத்தில் ஒவ்வொன்று, நூல், நீளம், ரவிக்கைத் துணி உண்டா, விலை, அந்த விலை எந்தத் தேதி வரை என்று அனுப்புங்கள். தீபாவளிக்கு என்றால் அச்சிதழுக்கு மூன்று மாதம் முன்னால், இணைய இதழுக்கு நான்கு வாரம் முன்னால். தீபாவளிக்கு முந்தின வாரம் அனுப்பிவிட்டு வரவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

இழையைத் தொடங்கியவர்

இதழ்களும் காசு வாங்கிக்கொண்டு எழுதுகின்றனவே, அதை எப்படி நம்புவது?

துணை ஆசிரியர், இணைய இதழ்

நியாயமான கேள்வி. இந்தியாவில் விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி 2021-இல் இன்ஃப்ளூயன்சர்களுக்கு வகுத்த விதி தெளிவானது. 15 விநாடி வரை உள்ள வீடியோவில் விளம்பரம் என்ற குறி குறைந்தது 3 விநாடி தெரிய வேண்டும். இரண்டு நிமிடம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம். அதற்கு மேல் போனால் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க. இதழும் அதே கண்டிப்போடு இருக்க வேண்டும். விளம்பரக் கட்டுரை என்றால் தலைப்புக்கு மேலே, இலவசமாக வந்த பொருள் என்றால் முதல் பத்தியில், கமிஷன் தரும் இணைப்பு என்றால் இணைப்புக்குப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டால் அது சொன்னதாகாது.

இன்னொன்று, தவறு வந்தால் தேதியோடு திருத்தக் குறிப்பு போடுகிறதா என்று பாருங்கள். பழைய கட்டுரைகள் பத்தைத் திறந்து பாருங்கள். அதில் பதித்த இன்ஸ்டாகிராம் பதிவுகள் வெற்றுப் பெட்டியாகக் கிடந்தால், கணக்கை மூடியதும் படமும் போய்விட்டது என்று அர்த்தம். நல்ல இதழ் எழுத்தில் அனுமதி வாங்கிப் படத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும், கீழே எடுத்தவர் பெயரும் இருக்கும்.