ஸ்லாக் மோர்டாரில் நானோ சிலிகா போட்டதும் வலிமை குறைகிறது, உதவுங்கள்

கியூப்70:
வணக்கம். எம்.இ. ப்ராஜெக்ட்டுக்கு சிமென்ட் இல்லாத மோர்டார் செய்கிறேன். பேட்சுக்கு 500 கிராம் ஸ்லாக் (இரும்பு ஆலைக் கசடுத் தூள்). காஸ்டிக் சோடா, வாட்டர் கிளாஸ் (சோடியம் சிலிகேட்) கரைசல்: சோடியம் ஆக்சைடு ஸ்லாக் எடையில் 5%, மாடுலஸ் (சிலிகாவுக்கும் சோடியம் ஆக்சைடுக்கும் உள்ள விகிதம்) 1.2. வெறும் ஸ்லாக் கியூப் (வலிமை சோதிக்கும் கனசதுரக் கட்டி) நன்றாக வந்தது. 3% நானோ சிலிகா (மிக மிக நுண்ணிய சிலிகா) பவுடரை ஸ்லாக்கோடு உலர்வாகக் கலந்தால் பத்தே நிமிடத்தில் இறுகுகிறது, அச்சில் குத்தி நிரப்பவே முடியவில்லை. 7 நாள் வலிமையும் குறைவு. மேலே மயிரிழை விரிசல், உடைத்தால் உள்ளே வெள்ளைப் புள்ளிகள். பிசிஇ (கலவையை இளக்கும் திரவம்) ஊற்றியும் இளகவில்லை. அடுத்த வாரம் ரிவ்யூ, பயமாக இருக்கிறது.

கசடுக்காரன்:
பயப்படாதீங்க தம்பி. அந்த வெள்ளைப் புள்ளி கலையாமல் நின்ற நானோ கட்டிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பவுடர் கிராமுக்கு 200 சதுர மீட்டர் ரகம் என்றால், 15 கிராமுக்கு 3000 சதுர மீட்டர் பரப்பு. 500 கிராம் ஸ்லாக் முழுதும் சேர்த்தாலே சுமார் 200தான். தண்ணீரை எது குடிக்கிறது என்று புரியும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. காரத்தில் நானோ சிலிகா கரையும். உங்கள் கரைசலில் சோடியம் ஆக்சைடு 25 கிராம், சிலிகா 30 கிராம். அதோடு 15 சேர்ந்தால் மாடுலஸ் 1.8 பக்கம் போய்விடும். அதாவது நீங்கள் ஒப்பிட்டதே வேறு கலவையோடு! 1.5%க்கு இறங்குங்கள். அந்த 7.5 கிராம் சிலிகாவை வாட்டர் கிளாஸில் குறைத்து, குறையும் சோடியத்தைக் காஸ்டிக்கில் ஈடுகட்டுங்கள்.

பவுடரை விட, திரவமாகக் கிடைக்கும் கலாய்டல் சிலிகா நல்லது. அதிலுள்ள தண்ணீரைக் கலவைத் தண்ணீரில் கழிக்க மறக்காதீர்கள். நேராகக் கார கரைசலில் ஊற்றினால் கெட்டியாகலாம், முதலில் ஸ்லாக்கோடு கலந்துவிடுங்கள்.

லேப்_அக்கா:
பிசிஇ இந்தக் காரத்தில் சிதைந்துவிடும், அதை நம்பாதே தம்பி. காஸ்டிக் கரைசலை முந்தின நாளே போட்டு ஆறவிட்டாயா? அச்சைக் கழற்றியதும் கியூபை எங்கே வைத்தாய்?

கியூப்70:
கரைசல் அன்றே போட்டது அக்கா, வெதுவெதுப்பாகத்தான் ஊற்றினேன். கியூப் மேசை மேல், ஃபேனுக்கு அடியில்.

லேப்_அக்கா:
விரிசல் அங்கிருந்துதான். ஸ்லாக் மோர்டார் காயும்போது சாதாரண சிமென்டைவிட அதிகம் சுருங்கும். பாலித்தீன் உறை இறுகச் சுற்றி வை. இளசாக இருக்கும்போது தண்ணீரிலும் மூழ்கவிடாதே, காரம் கரைந்து வெளியேறும்.

கியூப்70:
நேற்று 1.5% கலாய்டல், ஆறிய கரைசல், மாடுலஸ் சரிசெய்து போட்டேன். அரை மணி நேரம் இளகி நின்றது! மூன்று அச்சும் நிரம்பின. உறை சுற்றி வைத்திருக்கிறேன். 7 நாள் உடைத்ததும் இங்கேயே எழுதுகிறேன் அண்ணா, அக்கா.